ஒரு முழம் மருந்து

எங்கள் வீடு கருவடிக்குப்பத்தில். மேலே சிமெண்ட் ஷீட்டு. கத்திரி வெயில் பிறந்துவிட்டால் பதினோரு மணிக்கெல்லாம் ஷீட்டு சூடேறி டப்பு டப்பென்று சத்தம் போடும். என் வீட்டுக்காரர் அதைச் சூடு என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற மேட்டுப்பாளையத்தில் இரும்பு வார்க்கிற கம்பெனியில் அவருக்கு உலையில் வேலை. உருகின இரும்பைப் பெரிய கரண்டியில் பிடித்து அச்சில் ஊற்ற வேண்டும்.

"இதெல்லாம் ஒரு சூடா? எங்க உலை பக்கத்துல அஞ்சு நிமிஷம் வந்து நில்லு, இந்த வூடு ஊட்டி மாதிரி தெரியும்" என்பார்.

அவர் அப்படிச் சொன்னாலும் நான் செய்வதைச் செய்துகொண்டுதான் இருப்பேன். சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுவேன். படுக்கும் முன் உள்ளங்காலில் விளக்கெண்ணெய். காலையில் ஊறின வெந்தயம், மத்தியானம் பெருங்காயம் போட்ட மோர். இதற்கெல்லாம் ஆயுர்வேதம் என்று ஒரு பேர் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. வெயில் காலம் வந்தால் செய்ய வேண்டியது, அவ்வளவுதான்.

பதினைந்து பதினாறு வருஷம் இருக்கும். ஒரு மே மாதம் அவர் உலைக்கு முன்னாலேயே மயங்கி விழுந்துவிட்டார். நல்ல காலம், கரண்டி கையில் இல்லை. ஆட்டோவில் கொண்டுவந்து விட்ட மேஸ்திரி வாசலில் நின்றபடியே சொன்னார்: "பத்து நாள் லீவு போட்டு உடம்பத் தேத்திக்கினு வாண்ணே. அப்பவும் முடியலன்னா உலை வேணாம். கேட்டுல உக்காந்துக்க."

அவர் போன பிறகு இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "முப்பது வருஷம் இரும்பு ஊத்துன கையி. இனிமே கேட்டுல உக்காந்து லாரி நம்பர் எழுதணுமாம்" என்றார். மோர் கலக்கி வைத்தேன். குடிக்கவில்லை.

மயக்கம் ஒரு பக்கம் என்றால் இன்னொன்றும் இருந்தது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றது புரியாது. அவருக்கு நீர்க்கடுப்பு. வெயில் காலத்தில் வருகிறதுதான், ஆனால் அந்த வருஷம் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு எரிச்சல். கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவினேன், இளநீர் வாங்கிக் கொடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், அவர் மயங்கி விழுந்த மறுநாள், கவர்மெண்ட் ஆயுர்வேத டாக்டரிடம் போனோம்.

டாக்டர் சின்ன வயசு. மாஹேக்காரர். மலையாளம் பேசுகிற ஊரென்றாலும் மாஹேயும் நம்ம ஸ்டேட்டுதானே, அங்கிருந்து இங்கே மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கடுப்பைப் பற்றி விசாரித்தார். நான் கதவோரம் நின்று புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உடம்புல சூடு கூடிப்போச்சு. வெள்ளம் நல்லா குடிக்கணும்" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். டாக்டர் மேஜை மேலிருந்த கிளாஸைத் தூக்கிக் காட்டி, "வெள்ளம்... தண்ணி, தண்ணி" என்றார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகு அவர் பேச்சு எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்றே நினைத்துக்கொண்டோம்.

"உனக்கு மீன் வேண்டா. காரம், புளி குறைக்கணும். மல்லி ராத்திரி வெள்ளத்தில இட்டு வச்சு, காலையில வடிகட்டி, கல்கண்டு சேர்த்து வெறும் வயித்துல குடிக்கணும்."

தலையை ஆட்டிவிட்டு வந்தோம். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும்போதே இவர் ஆரம்பித்துவிட்டார். "கேட்டியா? என்னையப் பாத்து உனக்குன்றான்! உங்களுக்குன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா? எம் புள்ள வயசு இருக்குமா அவனுக்கு?"

"பாஷை தெரியாத புள்ளைங்க."

"அதுக்கு? மரியாதைக்குத் தனியா ஒரு பாஷையா?"

அன்றிலிருந்து வீட்டில் மீன் கிடையாது. பாசிப்பயறு கஞ்சி, பூசணிக்காய், மோர்ச்சோறு. பக்கத்து வீட்டில் மீன் வறுக்கிற வாசனை வந்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார்.

மே மாதம் எங்களுக்கு மாதாவின் மாதம். சாயங்காலச் செபமாலைக்கு மாதா படத்துக்கு ஒரு முழம் மல்லி வாங்குவது வழக்கம். டாக்டர் சொன்ன நாளிலிருந்து இரண்டு முழமாக வாங்கினேன். ஒன்று மாதாவுக்கு, ஒன்று இவருக்கு. நாரிலிருந்து ஒவ்வொரு பூவாக உருவி, காம்பு கிள்ளி, அலசி, செம்புத் தண்ணீரில் போட்டு மூடி வைப்பேன். காலையில் மூடியைத் திறந்தால் வீடே கல்யாண வீடு மாதிரி மணக்கும். இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்.

"பூக்காரி கூடையப் பிழிஞ்சு குடிச்ச மாதிரி இருக்குது."

"மருந்துன்னா அப்படித்தான். கண்ண மூடிக்கினு குடிங்க."

பக்கத்து வீட்டுக்காரிக்குக் கண்ணில் எதுவும் தப்பாது. "என்னா யக்கா, டெய்லி ரெண்டு முழம் பூவு? வூட்டுக்காரரு லீவுல இருக்காருன்னா? நடத்து நடத்து" என்றாள், தெருவில் நாலு பேர் இருக்கும்போது. எனக்கு முகம் எரிந்தது. மருந்து என்று சொன்னால் எதற்கு மருந்து என்று கேட்பாள். விடுவிடுவென்று உள்ளே வந்துவிட்டேன்.

ஆறு நாள் ஆனது. மயக்கம் விட்டது, கடுப்பு விடவில்லை. மறுபடி டாக்டரிடம் போகலாம் என்றால் வர மாட்டேன் என்றார். "உனக்குன்னு பேசறவன்கிட்ட நான் வரல." ஏழாம் நாள் காலையில் பூத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, "கேட்டுன்னா நெழலாவது இருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

எல்லோரும் பார்த்துவிட்டுப் போகிறவரைக்கும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் டாக்டர் கேட்டார்: "அவரு வரல்லையா? குறைஞ்சுதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"மல்லி குடுத்தோ?"

"குடுத்தேன் சார்."

"எவ்ளோ இட்டு?"

"ஒரு முழம்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "முழமோ?"

அளவு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். "கம்மியா சார்? நெருக்கமா கட்டுன பூதான்" என்றேன்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தலையிலிருந்த பூவைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து, பேப்பரில் கொட்டிக் காட்டினார். "அம்மா, இதாணு மல்லி!"

"சார், இது தனியா!"

எங்கள் பக்கம் குழம்புக்கு அரைப்பது தனியா. மல்லி என்றால் பூதான், வேறென்ன? டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மருந்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த கம்பவுண்டர் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. ஆனால் ஒன்று, இதற்கு மேல் வெட்கப்பட என்னிடம் மிச்சமில்லை. அதனால் எல்லாவற்றையும் பேசிவிட்டேன். எரிச்சல் எப்போது அதிகம், எப்போது குறைவு, எல்லாம் சொன்னேன். கடைசியில் அதையும் சொன்னேன்.

"சார், கோச்சுக்காதீங்க. அவர உனக்குன்னு சொல்லிட்டீங்க. மனசு நொந்துட்டாரு. அதான் வரல."

"நானோ? எப்போ?"

"உனக்கு மீன் வேண்டான்னீங்களே."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ! உணக்க மீன்! உணக்க மீன்னா காய வச்ச மீன். உப்பிட்டு வெயில்ல..."

"கருவாடா?"

"ஆ, கருவாடு! பச்சை மீன் கழிக்கலாம்... சாப்பிடலாம், குழப்பமில்ல."

வீட்டுக்கு வந்து சொன்னேன். முதலில் முறைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வருகிறவரைக்கும் நிறுத்தவில்லை. "அப்ப அந்தப் புள்ள மரியாதையாத்தான் பேசியிருக்குது" என்றார். பக்கத்து வீட்டுக்காரி, "கருவடிக்குப்பத்துல குந்திக்கினு கருவாடு துன்னக் கூடாதாம்!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தாள். எப்படிக் காதில் விழுந்ததோ.

அன்று பொழுதோடு தனியாவை ஒன்றும் பாதியுமாக இடித்து ஊறவைத்தேன். காலையில் வடிகட்டி, கல்கண்டு போட்டுக் கொடுத்தேன். இரண்டாம் நாளே எரிச்சல் பாதியானது. லீவு முடிகிற பத்தாம் நாள் இல்லவே இல்லை. பதினோராம் நாள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு உலைக்குப் போனார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஆட்டோ சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினேன்.

சாயங்காலம் சைக்கிளிலேயே வந்தார். சட்டை முதுகில் உப்புப் பூத்திருந்தது. ஹேண்டில்பாரில் ஒரு இலைப் பொட்டலம் தொங்கியது. கல்யாணமானதிலிருந்து அவர் தெருவில் பூ எடுத்து வந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நிற்பதைப் பார்த்ததும் குரலை உயர்த்தி, "இந்தா, மருந்து வாங்கியாந்துட்டேன்" என்றார்.

ரிட்டையர் ஆகிறவரைக்கும் உலையில்தான் வேலை செய்தார். ஒவ்வொரு கோடையிலும் செம்பில் தனியா ஊறும், ஹேண்டில்பாரில் மருந்து தொங்கும். இப்போது அவருக்கு முழங்கால் வலி, தெருமுனைவரைக்கும் நடப்பதில்லை. "மருந்து வாங்கியாச்சா?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்பார். நான்தான் போகிறேன். பூக்காரி முழம் போடும்போது, "நெருக்கமா கட்டுனதா பாத்துக் குடும்மா" என்பேன். சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்துவிடும். அவள் நான் அளவைத்தான் குறை சொல்கிறேன் என்று நினைத்து, ரெண்டு கண்ணி பூ கூடச் சேர்த்துக் கொடுப்பாள்.