ஒன்பதாவது சேனல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்குச் சாட்சி ஒரு போன் அழைப்புப் பதிவும், என் மனைவியும்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மணி 3.12. அலுவலகத்தில் நான் ஒருவன்தான். புதிய டெலிபோன் லைனைக் கேட்வேயில் அமைத்து முடித்திருந்தேன். முப்பது சேனல்களில் இருபத்தொன்பது காலி. ஒன்பதாவது மட்டும் ‘பேச்சில்’ என்று காட்டியது. யார் பேசுவது? ஒரு போனையும் நான் இன்னும் இணைக்கவே இல்லை.

கேட்வே என்பது வெளி லைனையும் உள் போன்களையும் சேர்த்துவைக்கும் பெட்டி. வெளியிலிருந்து வருவது ஒரே கேபிள். அதற்குள் முப்பத்திரண்டு பெட்டி கொண்ட ரயில் நொடிக்கு எட்டாயிரம் தடவை ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முப்பதில் குரல்; அவைதான் சேனல்கள். ஒன்றில் தாளம். ஒன்றில், யார் யாரைக் கூப்பிடுகிறார் என்ற தகவல். தாளத்தை டெலிபோன் கம்பெனியிடமிருந்து வாங்க வேண்டும். நாமே போட்டால் பேச்சுக்கு நடுவே ‘டிக்’ என்று கேட்கும். அதையும் சரியாகத்தான் வைத்திருந்தேன்.

எனக்கு முன் இந்த லைன் அறையைக் கவனித்துக்கொண்டவரை எல்லோரும் ‘லைன் அண்ணன்’ என்பார்கள். மூன்று மாதம் முன் மாரடைப்பில் போய்விட்டார். போயும் என்னை விடவில்லை. அன்று காலையிலும் மேனேஜர் அம்மா போனில் சொன்னார்:

“அவர் இருந்தா டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிருப்பார், தம்பி. நாலு மணிக்குள்ள முப்பதும் வரலேன்னா வெளியாள வெச்சுக்குறேன். அப்புறம் அந்த ரூமும் அவங்களுக்குத்தான்.”

வயிறு எரிந்தது. செத்தவர்மேல் என்ன பொறாமை என்று கேட்காதீர்கள். இருந்தது. லைனைத் தொடங்கி வைத்தவர் பெயரைக் கேட்வேயின் குறிப்பு வரியில் எழுதுவது எங்கள் வழக்கம். இந்த லைனில் பாதி வேலையை அவரே செய்துவிட்டுப் போயிருந்தார். அவர் பெயரை அழித்தேன். என் பெயரைப் போட்டேன்.

அப்போது மணி 3.12.

3.20. ஒன்பதைத் துண்டித்தேன். திரும்ப வந்தது.

3.31. கேட்வேயையே அணைத்தேன். விசிறிகள் நின்றன. மீண்டும் போட்டேன். ஒன்பது... பேச்சில். இருபது நிமிடமாகப் பேச்சில். பெட்டி அணைந்திருந்தபோதும் அந்தக் கணக்கு நிற்கவில்லை.

3.45. சோதனை போனைச் செருகிக் கேட்டேன்.

டிக்... டிக்...

பிறகு மூச்சு.

ஒரு இருமல்.

லைன் அண்ணன் பேசுமுன் அப்படித்தான் இருமுவார்...

என் பெயரை அழித்தேன். அவர் பெயரை எழுதினேன்.

3.52. ஒன்பது காலி.

நாலு மணிக்கு மேனேஜர் அம்மா கூப்பிட்டார். “முப்பதும் வந்துருச்சா? பரவாயில்லையே, அவர் மாதிரியே பண்ணிட்டீங்க.”

அப்போதும் எரிந்தது.

வீட்டுக்கு வந்தேன். மனைவி சலித்துக்கொண்டாள்.

“யாருங்க அந்த ஆளு? உங்க ஆபீஸ் நம்பர். நான் வெச்சாலும் லைன் கட்டாகல. எடுத்தா ஒரே இருமல்.”

“என்ன சொன்னாரு?”

“‘என் நாற்காலில யாரு?’ன்னு ஒண்ணுதான் கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“உங்க பேரைச் சொன்னேன்.”

மறுநாள் கேட்வேயின் அழைப்புப் பதிவைப் பார்த்தேன். ஒன்பதாவது சேனல். எங்கள் வீட்டு எண். 3.12 முதல் 3.52 வரை.

அறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முப்பதும் ஓடுகின்றன. அமைப்பு இதுதான்: தாளம் வெளியிலிருந்து. சேனல் முப்பது. பெயர், அவருடையது.