மீன் தின்னாத ஊர்

எங்கள் ஊரில் கர்ப்பிணிப் பெண்கள் மீன் தின்பதில்லை என்று ஒரு பல்கலைக்கழகத்தின் அலுமாரியில் கிடக்கிற ஆய்வேட்டில் எழுதியிருக்கிறது. எழுதியது என் மனைவி. நான் அதே ஊரில் மீன் விற்கிறவன்.

ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், நடுவில் ஒரு தார் ரோட்டு. ஊர் என்றால் அவ்வளவுதான். வெள்ளென துறைக்குப் போய் மணலை, ஓரா, இறால் என்று கிடைத்ததை எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டி, ரோட்டிலிருந்து பிரிகிற ஒழுங்கை ஒழுங்கையாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போவேன். வயிற்றுப் பிள்ளையோடு வாசலுக்கு வந்து, செவிளைத் தூக்கிப் பார்த்து, இது நேற்றைய மீன் என்று என்னைப் பழித்து, விலையைக் குறைத்து வாங்கிப் போகிற பெண்கள் ஒழுங்கைக்கு ஒருத்தியாவது இருப்பாள். அந்தப் பெண்கள்தான் மீன் தின்பதில்லையாம்.

இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டில் ஒருத்தி இதற்காகப் படித்துத் தோற்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சண்டையில் ஊர் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது என்னோடு படித்தவர்கள் மேலே போயிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளோடு வாங்கில் உட்கார வெட்கப்பட்டுத் துறைக்குப் போனேன். என் மனைவி மாமா மகள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துப் பட்டம் எடுத்தவள். மாமன் மகள் என்ற உரிமை இல்லாவிட்டால் அவளை எனக்கு யார் கட்டித் தந்திருப்பார்கள்? எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் நான் அவளுடைய சீதன வீட்டுக்குப் போனேன். துறையில் அதற்கும் பேச்சு இருந்தது. "படிச்ச வீட்டு மாப்பிளை வாறார், வழி விடுங்கடா, கையில மீன் மணக்கப் போகுது" என்பார்கள்.

அவள் ஒரு கல்வி நிறுவனத்தில் தற்காலிகமாகப் படிப்பித்தாள். தற்காலிகம் என்றால் ஒவ்வொரு வருசமும் முடிந்து, ஒவ்வொரு வருசமும் திரும்பக் கேட்டுப் போவது. நிரந்தரமாக வேண்டுமென்றால் முதுமாணிப் பட்டம் வேண்டும். அதுவும் ஆய்வோடு கூடியது. பாடம் மட்டும் படித்து எடுத்தது செல்லாது. ஆகவே தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மனித போசணையியலுக்கு, ஊட்டச்சத்தைப் பற்றிய படிப்புக்கு, விண்ணப்பித்தாள். கிழமைக்கொரு தடவை பஸ் ஏறினாள்.

நான் பிறவியிலேயே பயந்தவன். பஸ் கவிழுமோ, ரோட்டில் யானை நிற்குமோ, மழையில் பாலம் மூடுமோ என்று அவள் வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்காது. பிறகு அந்தப் படிப்பின் விதிகள் அச்சடித்த புத்தகம் வீட்டுக்கு வந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு அதைப் பார்த்துப் பயப்படத் தொடங்கினேன். காய்ச்சல் வருத்தம் வந்தால்? பாடத்தில் கோட்டைவிட்டால்? மேற்பார்வை செய்கிற பேராசிரியர் வெளிநாடு போய்விட்டால்? நான் கேட்கக் கேட்க அவள் பக்கத்தைப் புரட்டிச் சொல்லுவாள்: "அதுக்கும் ஒரு விதி இரிக்கி மச்சான்."

முதல் விதி வாசலிலேயே கிடந்தது. விவசாயப் பட்டம் போசணைக்கு அரைப் பொருத்தம்தானாம். மனித உடற்றொழிலியலும் உயிர் இரசாயனமும் முதலில் படித்துச் சித்தியடைய வேண்டும். அந்தப் புள்ளிகள் பட்டத்தில் சேராது. சித்தியடையாவிட்டால் வெளியே, சித்தியடைந்தால் அப்போதுதான் உள்ளே. சமைக்க வந்தவளை முதலில் அடுப்புக் கட்டச் சொல்லி, அதற்குக் கூலி இல்லை என்பது போல எனக்குப் பட்டது. அவள் கட்டினாள்.

அடுத்தது பிள்ளை. பிள்ளைப்பேற்றுக்குப் படிப்பை ஒத்திவைக்கலாம், அதற்கு விதி இருக்கிறது. ஆனால் தவணை தொடங்குமுன் விண்ணப்பிக்க வேண்டும். டொக்டர் சொன்ன நாளுக்கு முந்தியே எங்கள் மகள் பிறந்தாள். தாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே அங்கே தவணை தொடங்கிவிட்டது. பிறகு விண்ணப்பித்தது ஒத்திவைப்பில் சேராதாம். அதைக் காலநீடிப்பாக எடுத்துக்கொண்டார்கள். காலநீடிப்பு ஒருவருக்கு ஒரே தடவைதான். தாய்க்கும் சேய்க்கும் என்ன ஊட்ட வேண்டும் என்று பாடம் நடத்துகிற இடத்தில், எங்கள் பிள்ளை பிறந்தது இப்படித்தான் கணக்கில் விழுந்தது.

ஆய்வுக்கு அவள் எடுத்தது எங்கள் கரையோரத்துக் கர்ப்பிணிப் பெண்கள். வீட்டுக்கு மீன் வருகிறது, ஆனால் அதைச் சமைக்கிறவளின் தட்டில் விழுகிறதா என்பதுதான் கேள்வி. இதற்கு ஏன் ஆய்வு, நான் சொல்கிறேனே, எந்த வீட்டில் என்ன வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா என்றேன்.

"வாங்கினது ஆரெண்டு உங்களுக்குத் தெரியும். தின்டது ஆரெண்டு தெரியுமா?"

தெரியாது. எனக்கு அதுவரை அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

பெண்களிடம் போய்க் கேட்பதற்கு ஒழுக்கநெறிக் குழு என்று ஒன்று அனுமதி தர வேண்டும். குழு எப்போதாவதுதான் கூடும். முதல் தடவை ஏதோ மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவில்லை என்று திருப்பினார்கள். அடுத்த கூட்டம் வரும்வரை நாங்கள் காத்திருந்தோம். அனுமதி கையில் வந்தபோது வைகாசி பிறந்து, கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கிற நேரமாகியிருந்தது.

சடங்கு என்றால் எங்கள் ஊரில் அந்தக் கிழமை முழுக்க மச்சம் இல்லை. துறையிலிருந்து ஒரு குஞ்சு மீன்கூட ஊருக்குள் வராது. நான் மோட்டார் சைக்கிளை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவுவேன். ஐஸ் பெட்டியைப் பின்வளவில் கவிழ்த்து வைத்துவிடுவேன். தின்னாமல் விடுவதோடும் அது முடிவதில்லை. அந்த நாட்களில் மீனின் பேரை வாயில் எடுப்பதும் குற்றம் என்றுதான் எங்களை வளர்த்தார்கள். பிள்ளைகள் தவறிச் சொன்னால் வாயில் அடி விழும்.

சடங்கு முடியட்டும் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். கேட்டதைச் சேர்த்து, கணக்குப் பார்த்து, எழுதி, பேராசிரியர் வாசித்துத் திருத்தி, ஒப்படைக்கிற கடைசி நாளுக்குள் கொடுக்க வேண்டும். சடங்கு முடிந்து தொடங்கினால் நாள் போதாது. அவளிடம் ஒரு நியாயமும் இருந்தது.

"நான் கேக்கிறது போன மாசத்தை மச்சான், இந்தக் கிழமையை இல்ல. போன மாசம் தின்டதைச் சொன்னா அம்மாள் கோவிக்கமாட்டா."

பேராசிரியரும் அதையே சொன்னாராம். கேள்வி போன மாதத்தைப் பற்றியது என்றால் தடையில்லை, தொடங்குங்கள் என்று. அவர் இந்தப் பக்கத்தவர் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இவள் சடங்கு முடிவில் இந்த அம்மாளின் குளிர்த்தித் தண்ணீர் தெளித்து வளர்ந்தவள். கேள்வியிலேயே அந்தப் பேர் வருகிறது என்பது இவளுக்கே தோன்றவில்லை.

எனக்கு வேலை இல்லாத கிழமை. நானே அவளை வீடு வீடாகக் கொண்டுபோனேன். உள்ளே வேறு ஆள் இருக்கக்கூடாது என்பது விதி, ஆகவே நான் வேலிக்கு வெளியே நின்றேன். முதல் வீடு என்னிடம் ஒரு நாளும் தவறாமல் வாங்குகிற வீடு. அந்த வீட்டு மகளுக்கு வயிற்றில் ஏழு மாதம். உள்ளே நடந்ததை என் மனைவி பிறகு சொன்னாள். சோறு, பருப்பு, கீரை, முட்டை வரைக்கும் அந்தப் பெண் விரல் மடித்துச் சொன்னாளாம். அடுத்த கேள்வி வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாளாம். கோயில் லவுட்ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து தாய்க்காரி மட்டும் குரல் கொடுத்தது எனக்கே கேட்டது.

"இந்த நாளையில அந்தக் கதை வாணாம் மகள். நாங்க ஒண்டும் தின்னல்ல எண்டு போடு."

அவள் போட்டாள். சொன்னதைத்தான் எழுத வேண்டும், வேறு வார்த்தையில் தூண்டிக் கேட்கக்கூடாது, அனுமதித்த கேள்வியை அனுமதித்தபடியே கேட்க வேண்டும் என்பது விதி. அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டுக்கு நாங்கள் போகுமுன்பே சேதி போய்விட்டது. யாவாரி வராத கிழமையில் யாவாரிட பொஞ்சாதி வாறா என்று பகிடி பண்ணிக்கொண்டே பாயை விரித்தார்கள். தேத்தண்ணி தந்தார்கள். எங்கள் பிள்ளைக்கு வாழைப்பழம் தந்துவிட்டார்கள். எல்லாம் தந்தார்கள், அந்த ஒரு சொல்லைத் தவிர.

ஏன் இன்னொரு முறை கேட்கவில்லை என்று வழியில் கேட்டேன். விதியைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கே வாய் வரல்ல மச்சான்" என்றாள். "அந்தக் கேள்வியைத் தாளைப் பாத்து வாசிச்சன். நிமிந்து ஆரையும் பாக்கேல்ல."

வீட்டில் தாள்களைப் பரப்பி வைத்தபோது ஊர் முழுக்க இல்லை, இல்லை, இல்லை என்று கிடந்தது. நான் சொன்னேன், எழுதிவிடு. எல்லாரும் தின்றதுதானே, ஊரே சாட்சி, நானே சாட்சி. இதில் என்ன பொய்?

"அவங்க சொல்லாததை நான் எழுதினா அது ஆய்வில்ல, உங்கட யாவாரம்."

கோபம் வந்தது எனக்கு. இப்போதும் இருக்கிறது. ஆனால் அவள் மேல் இல்லை, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே இருக்கிறது.

சடங்கைப் பற்றி ஆய்வுக்குள் விளக்கம் எழுதினாள். அந்த விளக்கமே அவளைப் பிடித்தது. பரீட்சகர்கள் கேட்டார்களாம், இவ்வளவு தெரிந்தவர் அந்தக் கிழமையில் ஏன் கேட்கப் போனீர்கள் என்று. கேள்வி சரியான கேள்விதான். பிரதானமான கேள்விக்கே விடை செல்லாது, திரும்பப் போய்க் கேட்டு வாருங்கள் என்றார்கள். திரும்பக் கேட்க நாள் வேண்டும். நாளுக்குக் காலநீடிப்பு வேண்டும். காலநீடிப்பு மகள் பிறந்ததோடு முடிந்தது. பதிவு முடிந்தவருக்குக் குழுவின் அனுமதியும் முடிந்தது. இதற்கெல்லாம் விதி இருந்தது. இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத்தான் ஒரு விதியும் இல்லை.

பேராசிரியர் போனில் நல்ல மாதிரித்தான் பேசினார். படித்த பாடங்கள் வீண்போகாது, பட்டப்பின் டிப்ளோமா கிடைக்கும், அதுவும் சிறியது இல்லை என்றார். நான் போனை வாங்கி, மேடம், நான் அந்த வீடுகளுக்கு மீன் கொடுக்கிறவன் என்று சொன்னேன். பிறகு, நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன் தம்பி, ஆனால் அது தரவு ஆகாது என்றார். அதுவும் சரிதான். எல்லாரும் சரியாகவே பேசினார்கள். இந்தக் கதையில் பிழையாகப் பேசிய ஒரு ஆள் கிடைத்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

டிப்ளோமா வந்தது. நிரந்தர வேலைக்கான விளம்பரமும் வந்தது, ஆய்வுடன் கூடிய முதுமாணி என்று. அவள் வாசித்துவிட்டு அந்தப் பத்திரிகையை விரித்து அதன் மேல் மரவள்ளிக் கிழங்கு உரித்தாள். துறையில் ஒருவன், "டிப்ளோமா எண்டா பெரிய மீனா, குஞ்சு மீனா மாப்பிளை?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்து இறாலைத் தெரிந்தெடுத்தேன்.

அந்த வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று அந்த முதல் வீட்டு வாசலில் நின்றேன். அந்த வீட்டு மகளின் பிள்ளை தவழத் தொடங்கியிருந்தது. பால் சுரக்கப் பால்சுறா வேண்டுமென்று தாய்க்காரி முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். வெட்டிக்கொண்டிருக்கும்போது, கேள்வி கேட்டு வந்த புள்ளட படிப்பு முடிஞ்சிதா என்று கேட்டார். முடிந்தது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு விடாமல் கேட்டார். சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்களுக்கென்ன தெரியும் மனே, அது இப்பிடிப் பெரிய விசயமெண்டு? மீன் இல்லாம நாங்க எப்ப சோறு தின்டம்? ஆனா இவளுக்குக் குழம்புதான் மிஞ்சும். ஆம்புளைகளுக்கும் பொடியனுகளுக்கும் போட்டா மறுகா என்ன கிடக்கும்? அதையும் சொல்றன். இப்ப வரச் சொல்லு புள்ளய. ஒண்டு விடாமச் சொல்றம்."

என் மனைவி தேடிப்போனது அதுதான். அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை பஸ், அத்தனை பாடம்.

பெட்டியில் பாதி மீன் இருக்கும்போதே வண்டியைத் திருப்பினேன். அவள் கிணற்றடியில் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நின்ற நிலையில் முழுதையும் சொன்னேன். அவள் வாளியை வைத்துவிட்டுக் கேட்டாள். குழம்புதான் மிஞ்சும் என்ற இடத்தில் அவள் முகம் ஒரு கணம் பழைய முகமானது. பிறகு பிள்ளையின் தலையில் தண்ணீரை ஊற்றினாள்.

"இப்ப அவவிட்டப் போய்க் கேக்க எனக்கு அனுமதி இல்ல மச்சான்."

"அவவே சொல்றன் எண்டு நிக்கிறா புள்ள."

"ஓம். சொல்லுவா. கேட்டு வந்து நான் எங்க எழுதிற?"

மகள் குளிரில் கத்தினாள். அவளைத் துவாயில் சுற்றி என்னிடம் தந்தாள். என் கையில் மீன் மணம், கழுவிவிட்டு வாங்குகிறேன் என்றேன். பரவாயில்லை, பிடியுங்கள் என்றாள். பெட்டியில் மீதி மீன் வெயிலில் கிடந்தது.