மூன்றாவது மாடியில் திறந்த கதவு

லிஃப்ட் மெக்கானிக் வேலையில் இருபத்தெட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். மோட்டார், கயிறு, கதவு என்று எல்லாக் கோளாறும் பார்த்தாயிற்று. கோளாறே இல்லாத ஒரு லிஃப்ட்தான் என்னைப் படாத பாடு படுத்தியது.

சிட்லபாக்கத்தில் நான்கு மாடி அபார்ட்மெண்ட். காலி லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு வந்து தானாகக் கதவைத் திறக்கிறது என்று கம்ப்ளெயிண்ட். அந்த மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா டீச்சரின் கணவர் அங்கேதான் லிஃப்டை விட்டு இறங்கும்போது நெஞ்சுவலி வந்து விழுந்து இறந்தார். அதற்கப்புறம்தான் இப்படி என்றார்கள்.

இரண்டு தடவை போனேன். கன்ட்ரோல் பேனல், டோர் சென்சார் எல்லாம் சரியாக இருந்தன. ரெஜிஸ்டரில் 'கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது தடவை படியேறிப் போனேன். எதிரே ஒரு கூரியர்காரர் அவசரமாக இறங்கினார். நான் மூன்றாவது மாடியில் போய் நின்றதும் காலி லிஃப்ட் வந்து கதவைத் திறந்தது. பட்டப்பகலில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கையில் இருந்தது ஒரு ஸ்க்ரூடிரைவர். அதை வைத்துக்கொண்டு ஆவியை என்ன செய்வது?

கீழே வந்தால் அசோசியேஷன் செயலாளர் சுந்தரம் நிற்கிறார். "டீச்சர் கொஞ்ச நாள் மக வீட்ல போய் இருக்கட்டும் சார். எல்லாரும் பயந்து போயிருக்காங்க. மெக்கானிக்கே கோளாறு இல்லன்னு எழுதிட்டீங்களே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் போட்ட கையெழுத்து ஆவிக்கு சர்டிஃபிகேட் ஆகிவிட்டது. டீச்சர் வேலை பார்த்துச் சம்பாதித்து வாங்கிய வீட்டிலிருந்து அந்த அம்மாவைக் கிளப்பப் பார்க்கிறார்கள். இதை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பவர்களை மாடிக்கு ஒருவராக லிஃப்ட் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். ஏற ஆளில்லாமல் காலி லிஃப்ட் வந்து திறந்தால் பேப்பரில் ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான். சாயந்திரம் பார்த்தால் எல்லா மாடியிலும் கோடு. அதிகம் சுந்தரம் சாரின் இரண்டாவது மாடியில். அவர் கையாலேயே போட்டது.

"யாராவது பட்டனை அமுக்கிட்டு, லேட்டாகுதுன்னு படியில எறங்கியிருப்பாங்க" என்றார் அவர்.

"உங்க மாடியில பட்டன், டீச்சர் மாடியில மட்டும் ஆவியா சார்?" என்று கேட்டேன்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கூரியர்காரர் ஞாபகம் வந்தார். அவரைக் கண்ணால் பார்த்தும் கணக்கில் சேர்க்காமல் சிலிர்த்து நின்றவன்தானே நானும். மற்ற மாடியில் கதவு திறந்தால் மூளை அப்போதே மறந்துவிடுகிறது. பயந்த இடத்தில் திறந்ததை மட்டும் பத்திரமாகச் சேர்த்து வைக்கிறது.

டீச்சரைப் போகச் சொல்லும் பேச்சு அன்றோடு நின்றது. நான் கிளம்பும்போது டீச்சர் வாசல் வரை வந்தார்.

"லிஃப்ட் வந்த ஒவ்வொரு தடவையும் நானும் வீட்டுக் கதவைத் திறந்து பாத்தேன் தம்பி. அவர்தான்னு நெனச்சேன். இல்லைன்னு தெரிஞ்சதுல வருத்தம்தான். ஆனா அவர் பேரைச் சொல்லி இனி யாரும் என்னை வெளிய அனுப்ப முடியாதில்ல."



புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காரணம் பிடிபடாவிட்டால் 'கோளாறு இல்லை' என்று எழுதாதீர்கள். நாம் காலியாக விட்ட இடத்தில் ஆவி குடிவந்துவிடும். 'காரணம் இன்னும் தெரியவில்லை, மறுபடி வருகிறேன்' என்று எழுதுங்கள். எழுதியபடி போய் நில்லுங்கள்.