ஒற்றைக் கம்பி

எண்பதுகளில் ஒடுகத்தூரில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். ஜவ்வாது மலையிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். கணவருக்குக் காது மந்தம், ரேடியோவைக் காதிலேயே வைத்துக் கேட்க ஏதாவது செய்து தர முடியுமா என்றார்.

பழைய ஹெட்போன் ஒன்று இருந்தது. வயர்தான் இல்லை. வளைந்து கொடுக்கும் பல இழை வயருக்கு வேலூர் போகவேண்டும். சோம்பல்பட்டு, அழைப்பு மணிக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயரையே பற்றவைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். கணவர் இறந்துவிட்டாராம்.

"மூணு மாசம் ஆசையா கேட்டாருங்க. அவரோடதுன்னு வேற யாரும் தொடமாட்டோம். அப்புறம் ஒருநாள், காது சுத்தமா போய்டுச்சுன்னாரு. அதுலேர்ந்து நாங்க கூப்ட்டாக்கூட திரும்பல. சுவத்தப் பாத்தே படுத்துக் கெடந்தாரு. இத வேற யாருக்குனா குடுங்க."

ரேடியோவில் மாட்டிக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. வயரை மெல்ல வளைத்தேன். ஒரு கணம் பாட்டு கேட்டு, நின்றது. மேலே கீறல்கூட இல்லை. உள்ளே கம்பி ஒடிந்திருந்தது.

"நல்லாத்தான கீதுங்க?" என்றார்.

"நல்லாத்தாம்மா இருக்குது" என்றேன்.

இப்போதெல்லாம் எந்த வயரையும் பத்து முறை வளைத்துப் பார்த்துத்தான் எடுக்கிறேன். அவர் காது போகவே இல்லை என்பதை மட்டும் அந்த அம்மாளிடம் கடைசிவரை சொல்லவில்லை.