முட்டையில் தேய்த்த எலுமிச்சை மூடி

காரமடைப் பக்கத்திலிருந்து எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்த ஒரு பெண்மணியின் வியாபாரத்தை நான் கெடுத்தேன். எல்லோர் முன்னாலும் அவரைப் பொய்க்காரி ஆக்கினேன். அவர் பொய் சொல்லவில்லை.

கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். பேரனுக்கு எந்த முட்டை வாங்குவது என்று மருமகள் கேட்டபோது தொடங்கியது இது. கடையில் பச்சைப் பெட்டியில் ‘ஆர்கானிக்’ முட்டை. வாசலில் இவர் உமி போட்ட கூடையில் கொண்டுவரும் முட்டை.

"எங்க கோழி காடு பூரா மேயுதுங்க சார். கூண்டுன்னா என்னன்னே அதுகளுக்குத் தெரியாதுங்க" என்பார்.

மேய்வதை யார் பார்த்தது? பெட்டியில் குத்திய முத்திரையைத்தான் யார் சோதித்தது?

பண்ணை முட்டையைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து நாட்டு முட்டை என்று விற்கிறார்கள் என ஒரு வீடியோ கைப்பேசிக்கு வந்தது. எலுமிச்சை மூடியால் தேய்த்தால் சாயம் போய்விடுமாம். மறுநாள் பெண்கள் கூடையைச் சுற்றி நின்றபோது எலுமிச்சையோடு இறங்கினேன். தேய்த்தேன். பழுப்பு கரைந்தது.

"பாத்தீங்களா, சாயம்!"

"சாமி சத்தியமா இல்லீங்க சார்! ஊட்டுக்கு வாங்க, கோழி முட்டை வெக்கறதையே காட்டறனுங்க."

"எதுக்கு, டீத்தூள் கொதிக்கிறதப் பாக்கவா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கொண்டுவரும் முட்டையில் பாதி எங்களிடம்தான் விற்கும். கூடையை மூடிக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை.

பெட்டி முட்டைக்கு மாறினோம். அதுவும் பழுப்புதான். கொஞ்ச நாளில் அதன்மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. சமையலறையில் எலுமிச்சையால் தேய்த்தேன். அதே போலப் பழுப்பு விரலில் வந்தது. அப்புறம்தான் யோசித்தேன். முட்டையின் இயற்கை நிறமே ஓட்டின் மேற்பூச்சில்தான் படிகிறது. அமிலம் பட்டால் அது கரையத்தான் செய்யும். அந்தச் சோதனையில் நல்ல முட்டையும் தோற்கும். இதை வேதியியல் படித்த நான் யோசிக்கவில்லை.

"அப்ப அந்தக்கா முட்டை நல்ல முட்டைதானுங்களா மாமா?" என்றாள் மருமகள்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக்காரர்களைக் கூட்டிப் பெட்டி முட்டையைத் தேய்த்துக் காட்டினேன். தவறு என்னுடையது, அந்தம்மா நேர்மையானவர் என்றேன்.

"அப்ப ரெண்டுமே டூப்புங்கறீங்க?" என்றார் ஒருவர். எவ்வளவு விளக்கியும் எடுபடவில்லை. எல்லோரும் வெள்ளை முட்டைக்குப் போய்விட்டார்கள்.

காரமடைச் சந்தையில் அவரைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டேன். மறுபடி வரச் சொன்னேன்.

"அங்க வரமாட்டனுங்க சார். வேணும்னா நீங்க இங்க வந்து வாங்கிக்குங்க."

இப்போது வாராவாரம் பஸ் ஏறிப் போகிறேன். முட்டைகளை உமியோடு பையில் அடுக்கி, மேலே பக்கத்துக் கடை எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்துத் தருவார். வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"வெச்சுக்குங்க சார். தேச்சுப் பாத்துட்டே பேரனுக்குக் குடுங்க" என்றார், சிரிக்காமல்.