யோகன் சொன்ன ‘கூடுது’

செய்தி வந்தபோது என் கை முழுக்கப் பெற்றோல். ஒரு பழைய காரின் கார்பரேட்டரைக் கழற்றி மேசையில் பரப்பி வைத்திருந்தேன். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டேன். யோகனின் மகள் துளசி. “மாமா, அப்பா மோசம் போயிட்டார்” என்றாள். முதல்நாள் பின்னேரம் என்னோடு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவன். “விசர்க்கதை கதையாதை பிள்ளை” என்று அவளை ஏசிவிட்டேன். பிறகுதான் அவள் அழுவது கேட்டது.

யோகனுக்காக அச்சிடும் நினைவு மலரில், செத்தவனை ‘அன்னார்’ என்றுதான் எழுத வேண்டுமாம். என்னால் ஏலாது. முப்பது வருடமாக ‘டேய்’ என்று கூப்பிட்டவனை இன்றைக்கு அன்னார் என்றால், அவனே எழும்பி வந்து சிரிப்பான்.

கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் யோகனுக்கு ரேடியோ திருத்தும் கடை. அடுத்த தெருவில் எனக்குக் கராச். பழைய கார்களின் எஞ்சினுக்குப் பலம் கூட்டித் தருவது என் வேலை. பெரிய கார்பரேட்டர் பூட்டினால் காற்று கூடப் போகும்; அதற்கேற்றபடி பெற்றோலும் போக வேண்டும். அளவு சரியா என்று, எஞ்சினை நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றி, அதன் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்லுவேன். யோகனுக்கு அது பிடிக்காது. “செத்த பிறகு நாடி பாக்கிறாய் மச்சான். ஓடேக்கை பார்” என்பான்.

யார் யாரிடமோ சொல்லி ஒரு மீற்றரை எடுப்பித்தான். அதன் வயரைப் புகைக்குழாயில் பூட்டினால், ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று எண்ணாகக் காட்டும். அக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது அந்த எண் பன்னிரண்டரைக்குக் கிட்ட நிற்க வேண்டும். மேலே ஏறிக்கொண்டு போனால் பெற்றோல் போதவில்லை என்று அர்த்தம். உள்ளே சூடு மிஞ்சி பிஸ்டன் உருகும். இன்றைக்கு இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு அவனுக்கு மட்டும்தான் வடிவாகத் தெரியும். நான் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

முதன்முதலாக அதைப் பூட்டியது கொடிகாமத்து மரக்கறி வியாபாரி தவம் அண்ணையின் காரில். வெயில் வந்தும் வராத நேரம். புத்தூரைத் தாண்டி வல்லை வெளிக்கு வந்தோம். கண்ணை மூடினால் இப்போதும் அந்தக் காலை வருகிறது. இரண்டு பக்கமும் தண்ணீரா வானமா என்று பிரிக்க முடியாத வெளிச்சம். றோட்டின் நுனி கரைந்து மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் போகிறோமா, வெளிதான் எங்களைக் கடந்து போகிறதா என்று தெரியவில்லை. யோகன் மீற்றரை மடியில் வைத்து, தேவாரம் கேட்பவனைப் போல அசையாமல் இருந்தான். “எஞ்சின் மூச்சு விடுறது தெரியுது மச்சான்” என்றான். நான் மிதித்தேன்.

“கூடுது” என்றான்.

பெற்றோல் கூடுது என்றுதான் என் காதில் விழுந்தது. காரை ஓரங்கட்டினேன். பெற்றோல் வரும் பித்தளை ஜெட்டைக் கழற்றிவிட்டு, துளை சிறிய ஒன்றைப் போட்டேன். யோகன் தண்ணீரில் நின்ற கொக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்ன மாற்றினாய் என்று அவன் கேட்கவில்லை. என் கையில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மறுபடி ஓடினோம். “கூடுதடா, இன்னும் கூடுது!”

“இன்னுமோ? என்ன சனியன் இது!” அதைவிடச் சிறியதைப் போட்டேன்.

மூன்றாம் ஓட்டத்தில், “கூடுது, கூடுது, காலை எடு!” என்று அவன் கத்தி முடிக்கவில்லை. எஞ்சினுக்குள் சல்லிக்கல் கொட்டியது மாதிரி ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. கார் தானாக உருண்டுபோய் நின்றது. புகை மெதுவாக எழும்பி அந்த வெளிச்சத்தோடு கலந்தது.

“நான் எண் கூடுது எண்டெல்லே சொன்னனான்” என்றான் யோகன். “நீ என்னத்தையடா குறைச்சனீ?”

“பெற்றோலை.”

நான் றோட்டோரத்தில் குந்திவிட்டேன். செய்தி கேட்டுத் தவம் அண்ணை காரைக் கட்டியிழுக்க லொறியோடு வந்து இறங்கி, “ஆரடாப்பா பிழை விட்டது?” என்று கேட்டார். யோகன்தான் சொன்னான்: “நான்தான் அண்ணை. மீற்றரைப் பிழையா வாசிச்சுப்போட்டன்.”

பிறகு தனியாக என்னிடம் சொன்னான்: “கராச்காரன் பிழை விட்டான் எண்டால் உன்னட்டை ஒருத்தரும் கார் விடாயினம். ரேடியோக்காரன் விட்டால் சிரிச்சுப்போட்டு விடுவினம்.” அவன் சொன்னபடியே சிரித்தார்கள். வருடக்கணக்காகச் சிரித்தார்கள். கலியாண வீட்டிலும் சலூனிலும், “யோகன், நேரம் என்ன? பிழையா வாசியாதை” என்று பகிடி விட்டார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ‘கூடுது’, ‘குறையுது’ என்ற பேச்சே இல்லை. யோகன் புதிதாக இரண்டு சொல் வைத்தான். பெற்றோல் போதாவிட்டால் ‘காயுது’. மிஞ்சினால் ‘நனையுது’. எத்தனையோ காலைகள் வல்லை வெளியில் அந்த இரண்டு சொல்லோடு ஓடியிருக்கிறோம். “நனையுது… நனையுது… ஆ, இப்ப காயுது, கொஞ்சம்…” என்று அவன் பக்கத்தில் முணுமுணுப்பான். எனக்குப் பாதி நித்திரையில் ஓட்டுவது போல இருக்கும். பிறகு ஒரு எஞ்சினும் உருகவில்லை. என் கராச் பெயர் எடுத்தது. அதில் பாதி யோகனுடையது என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அவன் செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, துளசி என்னிடம் வந்தாள். “மாமா, மலருக்கு அந்த மீற்றர்க் கதையை எழுதுங்கோ. அப்பாவை நினைச்சு எல்லாரும் ஒருக்காச் சிரிக்கட்டும்.” அவளும் அந்தக் கதையை நம்பித்தான் வளர்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாள் பேனையைத் தொடவில்லை. உண்மையை எழுதினால் நாளைக்கு என் கராச்சுக்கு யார் வருவார்கள் என்று பயந்தேன். வராதவர்கள் வராமல் இருக்கட்டும். அன்றைக்கு உருகிய பிஸ்டன் என் பிழை. யோகனைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் சிரிக்க வேண்டியது என்னைப் பார்த்து.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ‘காயுது’, ‘நனையுது’ என்ற இரண்டு சொல்லைத்தான். என்னுடைய கெட்ட பெயரை அவனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்க முன்னர் இதைத் துளசிக்கு வாசித்துக் காட்டினேன்.

“அப்ப, அப்பா சரியாத்தான் வாசிச்சவரோ மாமா?”

“ஓம் பிள்ளை. மூண்டு தரமும் சரியாத்தான் வாசிச்சவர்.”