மாப்பிள்ளையைக் கேள்வி கேட்காத வீடு

முதலில் வந்தது ஒரு நீளமான அட்டைப்பெட்டி. ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் ஒரு சாண்தான் இருக்கும். கூரியர் பையன் அதை வாசல் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னால்தான் தருவேன் என்று நின்றான். மச்சான் உள்ளிருந்து கைலியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார். எண்ணை அவன் காதோடு காதாகச் சொன்னார். பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தி, கூடத்தில் நின்ற எங்கள் யாரையும் பார்க்காமல் கொல்லை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நானும் உம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். லாத்தா அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவே இல்லை.

உம்மா என்றால் அம்மா, லாத்தா என்றால் என் அக்கா. மச்சான் என்றால் அவள் புருஷன். காரைக்காலில் எங்கள் குடும்பங்களில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்போம், மாப்பிள்ளைதான் அங்கே வந்து தங்குவார். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால், ஆஹா, பெண்களுக்கு என்ன செல்வாக்கு என்பார்கள். அவர்களுக்கு மறுபாதி தெரியாது. வந்து தங்குகிற மாப்பிள்ளையின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதுதான் மறுபாதி. முதல் சோறு அவருக்கு, மீனில் நடுத்துண்டு அவருக்கு. முக்கியமாக, அவரிடம் கேள்வி கேட்கக் கூடாது. என் பெரியம்மாவின் மருமகனிடம் யாரோ ஒருநாள், "இன்னைக்கு வெளிய போகலையா மாப்ள?" என்று கேட்டார்களாம். சாதாரணமாகக் கேட்டதுதான். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போனவர், பிறகு திரும்பவே இல்லை. அந்தக் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். எங்கள் உம்மா மச்சானோடு பேசுவதென்றால் கதவு மறைவில் நின்றுதான் பேசுவார், அதுவும் "சாப்பிட வாங்க" என்பதற்கு மேல் போகாது.

மச்சான் இருபது வருஷத்துக்கு மேல் துபாயில் ஒரு அத்தர்க் கடையில் கணக்கெழுதியவர். கடையை மூடிவிட்டார்கள் என்று ஊருக்கு வந்தார். கூடத்தில் எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியாமல் ஒரு மாதம் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் கொல்லையில் விறகு போட்டு வைத்திருந்த அறையைத் தானே கழுவிச் சுண்ணாம்பு அடித்து, பூட்டு வாங்கி மாட்டினார். சாவி எந்நேரமும் அவர் இடுப்பில் இருந்தது. பெட்டிகள் அதற்குப் பிறகுதான் வர ஆரம்பித்தன.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை அறையில் ஒரு பிள்ளை தாவணி முனையைத் தொட்டாலே எனக்கு மூக்கு வேர்த்துவிடும். அப்போது என் வீட்டுக்காரர் கத்தாரில் இருந்தார், என் பங்கு வீடு கட்டி முடியவில்லை, ஆகையால் நான் லாத்தா வீட்டு மாடியில் குடியிருந்தேன். மாடி ஜன்னலிலிருந்து கொல்லை அறையின் கூரை தெரியும், கதவும் பாதி தெரியும். சும்மா சொல்லக் கூடாது, அந்த ஜன்னலை நான் நன்றாகவே பயன்படுத்தினேன். இடுக்கிப் பிடிக்கிற இரும்புச் சாமான் ஒன்று வந்தது, அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. விதவிதமான அரம் வந்தது. அறுகோண ஓட்டையுள்ள ஆணிகளைத் திருகுகிற சாவிக்கொத்து வந்தது, இரண்டு நாளில் அதே கொத்து திரும்பிப் போனது, பிறகு பார்ப்பதற்கு அச்சு அசல் அதே போல் வேறொன்று வந்தது. வாங்கினவர் எதற்குத் திருப்பி அனுப்புகிறார்? உள்ளே எதையாவது வைத்து அனுப்புகிறாரோ? மச்சான் வாழ்க்கையில் ஒரு பல்பு மாட்டியவர் இல்லை. அவருக்கு அரம் எதற்கு? கள்ளச்சாவி செய்கிறார் என்று ஒரு வாரம் நம்பினேன்.

உம்மாவின் சந்தேகம் வேறு வழியில் போனது. மச்சான் ஒருநாள் என் தையல் மெஷின் மேலிருந்த இஞ்ச் டேப்பைக் கேட்டு வாங்கிப் போனார், மறுநாள் திருப்பிக் கொடுத்தார். உம்மா என்னை மாடிப்படியில் மடக்கினார்.

"ஆம்பளைக்கு இஞ்ச் டேப்பு எதுக்குடி? யாருக்கோ அளவெடுக்குறாரு. துபாயில ஒண்ணு வச்சிருந்து, இப்ப ஊருக்கே கூட்டியாந்துட்டாரு போல."

"அவரையே கேட்டுடலாமே உம்மா."

"கேப்ப, கேப்ப. நாளைக்கு அவரு பொட்டியத் தூக்கிட்டுப் போனா ஒங்க லாத்தா கண்ணீருக்கு நீயா பதில் சொல்லுவ?"

ஆகையால் அவரைத் தவிர மற்ற எல்லோரையும் கேட்டோம். கூரியர் பையனைக் கேட்டோம். இரும்புக் கடையில் கேட்டோம். கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளிடம்கூட, மச்சானைக் கடற்கரைப் பக்கம் யாரோடாவது பார்த்தாயா என்று உம்மா கேட்டார். லாத்தா மட்டும் யாரையும் கேட்கவில்லை. அவள் மச்சானுக்குத் தட்டு வைத்துவிட்டு, அவர் கடைசி வாய் சாப்பிடும்வரை அங்கேயே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள், இந்த நேரத்தில் புருஷன் போய்விட்டால் என்ன ஆவது என்பதுதான் அவள் பயம். வேறொரு குடும்பம் இருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் இங்கேயே இருந்தால் போதும் என்று ஒருமுறை என்னிடமே சொன்னாள். எனக்கு அவள் மேல் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து தெருவெல்லாம் ஆட்கள் நிற்கிற நேரத்தில், கூரியர் பையன் ஒரு பார்சலைத் தூக்கிப் பிடித்து, "ஸ்ரீநகர்லேருந்து வந்திருக்கு!" என்று உரக்கப் படித்தான். அதுவரை எங்கள் சந்தேகமெல்லாம் வீட்டுக்குள் ஓடிய ஒரு விளையாட்டு மாதிரிதான் இருந்தது. எங்களைப் போல் பெயர் வைத்திருக்கிற ஒருவருக்குக் காஷ்மீரிலிருந்து பார்சல் வந்தால், தெரு அதை எப்படிப் படிக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே கொல்லை அறைக் கதவு ஓர் அடி திறந்திருந்தபோது மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டேன். மேஜைமேல் ஒரு கறுப்புக் குழல், பக்கத்தில் துப்பாக்கி விசை. சந்தேகத்துக்கே இடமில்லாமல் துப்பாக்கிதான். கீழே இறங்கி உம்மாவிடமும் லாத்தாவிடமும் சொன்னேன். உம்மா போய் வாசல் கதவைச் சாத்தினார். லாத்தா புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு, தயிர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனாள்.

மறுநாள் காலையில் சாதா உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் வந்தார்கள், செருப்பை வெளியில் விட்டுவிட்டு. அப்போதுதான் எங்கள் உம்மா அதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். கதவு மறைவிலிருந்து வெளியே வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். "எங்க மாப்ளயப் பத்தி எங்களுக்குத் தெரியும். எதுவா இருந்தாலும் என்னையக் கேளுங்க" என்றார். எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

மச்சான் சாவியை எடுத்து அவராகவே கதவைத் திறந்துவிட்டார். மேஜைமேல் இருந்தது காற்றுத் துப்பாக்கி, பொட்டு அளவு ஈயக் குண்டு போட்டுக் காகித வட்டத்தில் சுடுகிற ஏர் ரைபிள். முதலில் வந்த அந்த நீளப் பெட்டியில் இருந்தது இதுதான், ரசீதோடு வாங்கியது, லைசென்ஸ் வேண்டாத வகை. என் அக்காள் மகள் என்.சி.சி. முகாமில் முதல்முறையாகத் துப்பாக்கி பிடித்தபோது எல்லாரையும்விட நன்றாகச் சுட்டிருக்கிறாள். அவளுக்கு இடது கைப் பழக்கம். உம்மா திட்டித் திட்டிச் சோற்றுக்கு மட்டும் வலது கைக்கு மாற்றினார், மற்றதெல்லாம் இடதுதான். துப்பாக்கிகளோ வலது கைக்காரர்களுக்குச் செய்தவை. போட்டிக்குப் போக வேண்டுமானால் அவள் கன்னத்துக்கும் தோளுக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று பயிற்சி ஆசிரியர் மச்சானிடம் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் இஞ்ச் டேப். அதற்குத்தான் அங்குலக் கணக்குக்கும் மில்லிமீட்டர் கணக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்கித் திருப்பி அனுப்பிய சாவிக்கொத்து. துப்பாக்கியில் தோளில் பதிகிற பின்கட்டையைத் தேக்கில் செதுக்கிப் பார்த்து, பிள்ளைக்குக் கனமாக இருக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்தார். மாமரக் கட்டை வெடித்துவிட்டது. துப்பாக்கிக் கட்டைக்கு அக்ரூட் என்கிற வால்நட் மரம்தான் தோது, அது காஷ்மீரில்தான் கிடைக்கும் என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு வரவழைத்தது அந்தப் பார்சல். என்னைப் போல சந்தேகப்பிராணி அடுத்த தெருவில்கூட இருக்க மாட்டாள், நானே அந்தக் கட்டையை எடுத்துத் தடவிப் பார்த்தேன். இடது கன்னம் வைக்க ஒரு பள்ளம், பாதிதான் இழைத்திருந்தார்.

ரசீதுகளைப் பார்த்த போலீஸ்காரர்களில் இளையவர், துப்பாக்கியைத் தானும் ஒருமுறை தோளில் வைத்துப் பார்த்தார். போகும்போது பெரியவர் மட்டும் நின்று மச்சானிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க பாய். வெளியில வேற குடும்பம் எதுவும் இருக்கா ஒங்களுக்கு?"

"இல்ல சார்."

அவர்கள் போன பிறகு மச்சான்தான் முதலில் பேசினார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

"நீங்களாச் சொல்லியிருக்கலாமே மாப்ள" என்றார் உம்மா.

"பொம்பளப் புள்ள துப்பாக்கி சுடுறான்னா வேணாம்பீங்க. இது ஒங்க வூடு. இங்க நான் என்னைக்கு வாயத் தொறந்து ஒண்ணு சொல்லியிருக்கேன்?"

போலீஸுக்குச் சொன்னது யார் என்று தெருவெல்லாம் ஊகித்தது. கூரியர் பையனைச் சொன்னார்கள், டீக்கடைக்காரரைச் சொன்னார்கள். நான் பரீட்சைத் தாளைத் திருத்துவதுபோல் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். துப்பாக்கியைத் தேடி வந்த போலீஸுக்கு வேற குடும்பத்தைப் பற்றி என்ன கவலை? அது போலீஸின் கேள்வியே இல்லை. அது ஒரு மனைவியின் கேள்வி. அன்றைக்கு லாத்தா தயிர் வாங்கவே இல்லை, வெறுங்கையோடுதான் வந்தாள். இருந்தும் நான் அவளைக் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிற வழக்கம் எனக்கும் ரத்தத்தில் ஊறியிருந்தது.

மச்சான் கட்டையை இழைத்து முடித்தார். இப்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்தார், அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. மகள் அதைத் தோளில் வைத்து, கன்னத்தைப் பள்ளத்தில் பதித்து, "சரியா இருக்கு வாப்பா" என்றாள். அடுத்த மாதமே மச்சான், ஷார்ஜாவில் வேலை கிடைத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டார். கோபித்துக்கொண்டு போனார் என்று யாரும் சொல்ல முடியாது, எல்லோரிடமும் சலாம் சொல்லித்தான் போனார். அதற்கப்புறம் இத்தனை வருஷமும் விடுமுறைக்கு வந்துபோகிற ஆளாகவே இருந்தார். லாத்தா வாராவாரம் போனில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவாள். எப்போது வருவீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டாள்.

போன மாதம் அந்த மகளுக்கு நிக்காஹ் நடந்தது. மச்சான் வந்திருந்தார். மறுநாள் காலைப் பசியாறலுக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, புது மாப்பிள்ளையின் சாமான்கள் வந்து இறங்கின. இரண்டு சூட்கேஸ், அப்புறம் ஒரு நீளமான அட்டைப்பெட்டி. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் ஒரு சாண். நானும் உம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். லாத்தா இடியாப்பத் தட்டைக் கீழே வைத்தாள்.

"மாப்ள, அந்தப் பொட்டியில என்னங்க இருக்கு?"

பையன் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டான். எதிரே உட்கார்ந்திருந்த மச்சான், "சொல்லுங்க மாப்ள, கேக்குறாங்கள்ல" என்றார் மெதுவாக.

"கொசுவலைக் கம்பி மாமி. வலை இல்லாம எனக்குத் தூக்கம் வராது."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. லாத்தா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மச்சான் பக்கம் திரும்பியிருந்தாள். முக்காட்டு முனையை விரலில் சுற்றிக்கொண்டே, இத்தனை பேர் முன்னால் கேட்டாள்.

"நீங்க? திரும்பிப் போக டிக்கெட்டு போட்டாச்சா?"

மச்சான் அவளை நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த இடியாப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டார்.

"இல்ல. போடல."

வேறு சமயமாக இருந்தால் அவர் குளிக்கப் போனதும் நான் அறைக்குள் நுழைந்து, அவர் பாஸ்போர்ட் பையில் டிக்கெட் இருக்கிறதா என்று ஒருதடவை திறந்து பார்த்திருப்பேன். அன்றைக்குப் பார்க்கவில்லை.